வரப்புக்கு அடியில்

சென்னியப்பன் தன் அறுபத்து மூன்றாவது வயதில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குள் இறங்கினார். இடுப்பில் கயிறு, கையில் டார்ச். கயிற்றை மோட்டார் மேடைக் கல்லில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைப் பிடிக்கும் வேலையைக் கிணற்றுக்குச் சொந்தக்காரியான சிவரஞ்சனியிடமே கொடுத்திருந்தார்.

"நீயே புடி அம்மிணி. உன்ற பேர்ல தப்பில்லைன்னா கயித்த விடமாட்ட."

தப்பு இருந்தால் விட்டுவிடுவாள் என்று அந்த மனுஷன் நினைக்கிறாரா, அப்படி நினைத்துக்கொண்டேவா இறங்குகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. உள்ளங்கை எரிந்தது. அறுபதடி ஆழத்தில் டார்ச் வெளிச்சம் சுவரைத் தடவித் தடவி நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் தேடியது சைடு போர். கிணற்றுச் சுவரில் படுக்கைவாட்டில் துளை போட்டு, அடுத்தவர் நிலத்துக்கு அடியில் ஓடும் ஊற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வேலை. உடுமலைக்குக் கிழக்கே வேலாத்தாபுதூரில் மூன்று வருடமாக மழை சரியில்லை. சென்னியப்பன் வரப்போரம் போட்டிருந்த சோளம் முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றது. மூன்று தென்னைகள் குரும்பையைக் கொட்டிவிட்டு மட்டை தொங்கிப் போயிருந்தன. வரப்புக்கு இந்தப் பக்கம் சிவரஞ்சனியின் தக்காளி, பார்க்கிறவர் கண் உறுத்தும் அளவுக்குக் காய்த்துக் கிடந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் மேலே வந்தார். முழங்கை சிராய்த்திருந்தது.

"ஒண்ணையும் காணோம்."

"நாந்தான் அப்பவே சொன்னனுங்களேண்ணா."

அவர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். "கண்ணுக்குத் தெரியற மாதிரியா போடுவாங்க?" என்றார். அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலேயே போனார்.

சிவரஞ்சனிக்கு முப்பத்தெட்டு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவள். அந்தக் கம்பெனியில் தைக்கிற வேலை முழுவதும் இயந்திரங்களுக்குப் போனபோது, வந்த பணத்தோடு கணவன் யுவராஜின் இரண்டேகால் ஏக்கருக்குத் திரும்பினாள். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிலத்தை எட்டுப் பாத்தியாகப் பிரித்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு பாத்தியில் நாற்று நடுவாள். ஒரே நாளில் எல்லாம் காய்த்து விலையில்லாமல் குப்பையில் கொட்டும் நிலைமை வராது. தக்காளி, கத்தரி, வெண்டை, நாலு வகைக் கீரை, ஓரத்தில் பப்பாளியும் வாழையும், கொட்டத்தில் இரண்டு மாடு. வருடத்தில் எந்த நாளும் பறிக்க ஏதாவது இருக்கும். யுவராஜ் அதைப் பேட்டரி வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூரில் நூற்று நாற்பது வீடுகளுக்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பான். தரகர் இல்லை, கமிஷன் மண்டி இல்லை. காய் பறிக்க மாராத்தாள் வாரம் மூன்று நாள் வருவாள். அவளுக்கும் சென்னியப்பன் தோட்டத்துக்கு அப்பால், கிழக்கே, அரை ஏக்கர் இருந்தது.

இந்த உழைப்பை ஊர் பார்த்தது. ஆனால் உழைத்தால் மட்டும் இவ்வளவு வராது என்று ஊர் நினைத்தது. அது சரிதான். சிவரஞ்சனியிடம் வேரிழை இருந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் திலீபன் என்கிற இளைஞன் கொண்டுவந்த சாம்பல் நிறப் பொடி அது. ஒரு விதைக் கம்பெனியின் ஆள். மாட்டுச்சாணக் கரைசலில் கலந்து ஒரே ஒரு தடவை ஊற்றினால் போதும் என்றான். மண்ணுக்குள் தலைமுடியைவிட மெல்லிய பூசண இழைகள் பரவி, வேரோடு வேராக ஒட்டிக்கொண்டு தண்ணீரையும் சத்தையும் தேடிக் கொண்டுவரும். தண்ணீர் பாதி போதும், உரம் கால்வாசி போதும். கம்பெனி கொடுக்கும் தக்காளி நாற்றை மட்டும் விடாமல் நடவேண்டும். பொடியும் நாற்றும் முதல் ஐந்து வருடம் இலவசம்.

"ஏன் எனக்கு மட்டும்?" என்று அவள் அப்போதே கேட்டாள்.

"ஊருக்கு ஒரு மாதிரிப் பண்ணைதாங்க அக்கா. அதுதான் கம்பெனி ரூல்."

அன்றைக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிணற்றுச் சம்பவத்துக்குப் பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மனுஷன் பொய்க்காக அறுபதடி இறங்கமாட்டார். மறுநாள் காலை வரப்பு மேல் நடந்து பார்த்தாள். சோளம் முழுவதும் மஞ்சள் இல்லை. வரப்பை ஒட்டி முப்பதடி அகலத்துக்கு ஒரு பட்டையாக மஞ்சள், அதற்கு அப்பால் பச்சை. அந்தப் பட்டையின் ஓரம் வரப்பு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்தது. தண்ணீர்ப் பற்றாக்குறை இப்படி அளந்து வராது. வறட்சி என்றால் மேட்டில் முதலில் காயும், பள்ளத்தில் கடைசியாகக் காயும். இங்கே மேடும் பள்ளமும் ஒரே மாதிரி காய்ந்திருந்தது.

அவள் மம்பட்டியை எடுத்துத் தன் பக்கத்து வரப்போரம் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினாள். வெட்டிய மண்சுவரில் வெள்ளை வெள்ளையாக இழைகள். நூல்கண்டு பிரிந்த மாதிரி, எல்லாம் ஒரே திசையில், வரப்புக்கு அடியில், சென்னியப்பன் பக்கம் போயின.

போட்டோ எடுத்துத் திலீபனுக்கு அனுப்பினாள். வழக்கமாக இரண்டு நாள் கழித்துப் பேசுகிறவன், இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டான்.

"அக்கா, அது நம்ம வேரிழை இல்லீங்க. சாதாரணக் காட்டுப் பூசணம்."

"பாக்காமயே எப்படிச் சொல்ற?"

"நம்மளது வரப்பைத் தாண்டாதுங்க. அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க."

"வரப்பு எங்க இருக்குதுன்னு அதுக்கு ஆரு சொன்னா?"

அவன் சிரித்தான். கொஞ்ச நேரம் அதிகமாகவே சிரித்தான். பிறகு, "அந்த போட்டோவ வேற யாருக்கும் அனுப்பாதீங்க அக்கா. தேவையில்லாத பயம் கெளம்பும்" என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளை ரெஹானாவிடம் கொண்டுபோனது. யுவராஜின் நூற்று நாற்பது வீடுகளில் ஒன்று அந்த அம்மாவுடையது. மண் ஆராய்ச்சியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் இரண்டு கட்டு அரைக்கீரை வாங்குவார். மொட்டை மாடி அறையில் இன்னும் சில கருவிகளை வைத்திருந்தார். சிவரஞ்சனி ஒரு டப்பாவில் மண்ணும், இன்னொன்றில் தக்காளி இலையும் கொண்டுபோய் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"இழை அந்தப் பக்கம் போறது தெரியுது. ஆனா போய் என்ன பண்ணுதுன்னு இதை வச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார் ரெஹானா. அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். "இதுல இருக்கிறது மணிச்சத்து, பாஸ்பரஸ். ஆனா அடையாளம் போட்ட மணிச்சத்து. கண்ணுக்குத் தெரியாது, என் மெஷினுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்துல, உங்க வரப்புலேருந்து இருபதடி உள்ள தள்ளி, சோளத்து வேர்ல எட்டு இடத்துல ஊத்துங்க. பத்து நாள் கழிச்சு உங்க தக்காளி இலையைக் கொண்டு வாங்க."

"அவருகிட்ட கேட்டுட்டு ஊத்தறதுங்களா?"

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

கேட்டால் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சென்னியப்பனும் அவர் மனைவி வளர்மதியும் ஒரு கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போகிற நாள் பார்த்து, காலை பத்து மணிக்கு வரப்பைத் தாண்டினாள். ஆறு இடத்தில் ஊற்றி ஏழாவது இடத்தில் குனிந்திருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்ன ஊத்தற?"

வளர்மதி கல்யாணத்துக்குப் போகவில்லை. கட்டுத்தரையில் மாடு கன்று போடுகிற நேரம் என்று நின்றுவிட்டிருக்கிறாள். சிவரஞ்சனியின் கையில் பாட்டில்.

"ஒண்ணுமில்லீங்க அக்கா. மண்ணு ஒண்ணு சோதிக்கறதுக்கு…"

"எங்க மண்ண நீ எதுக்குச் சோதிக்கோணும்? பகல்லயே மருந்து ஊத்தற அளவுக்கு ஆயிருச்சா? மூணு தென்னையும் இப்படித்தான் போச்சா?"

"அக்கா, என்ற கொழந்தைங்க மேல சத்தியமா…"

"கொழந்தைங்களை எதுக்கு இழுக்கற?"

அவள் கத்தின கத்து நாலு தோட்டத்துக்குக் கேட்டது. அடுத்த நாள் மாராத்தாள் காய் பறித்துக்கொண்டே, முகத்தைத் தூக்காமல் கேட்டாள்: "ஆசிட்டுன்னு பேசிக்கறாங்க. நெசமா கண்ணு?" இல்லை என்று சிவரஞ்சனி சொன்னாள். மாராத்தாள் சரி என்றாள். ஆனால் அன்று அவள் தோட்டத்துத் தண்ணீரைக் குடிக்காமல், வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்ததையே குடித்தாள்.

பஞ்சாயத்து கூடும், போலீஸ் வரும் என்று சிவரஞ்சனி ஒரு வாரம் எதிர்பார்த்தாள். எதுவும் வரவில்லை. அதைவிட விசித்திரம், எட்டாம் நாள் பால் சொசைட்டியில் சென்னியப்பன் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா இருக்கறயா அம்மிணி? தக்காளி எப்படி?"

"இருக்குதுங்கண்ணா."

"இருக்கட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்பு அவளை அன்று முழுவதும் வேலை செய்யவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாட்டுத் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள். கிணற்று மேட்டில் புதிதாகக் காலடித்தடம் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். பார்க்கும்போதே வெட்கமாக இருந்தது. அந்த ஆள் தன் கிணற்றில் இறங்கியதற்கு எவ்வளவு கோபப்பட்டாள்!

பத்தாம் நாள் ரெஹானாவின் மாடி அறையில் இலைகளை மெஷினில் வைத்தார்கள். அந்த அம்மா திரையை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது இலையையும் வைத்துப் பார்த்தார்.

"வந்திருக்கு" என்றார்.

"என்னங்க வந்திருக்கு?"

"நீங்க சோளத்துக்கு ஊத்தினது உங்க தக்காளிக்கு வந்திருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல."

சிவரஞ்சனி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இந்த மாதிரி இழை மண்ணுல எப்பவும் இருக்கறதுதாம்மா" என்று ரெஹானா நிதானமாகச் சொன்னார். "செடி வேர் வழியா இழைக்குச் சர்க்கரை கொடுக்கும். இழை பதிலுக்குத் தண்ணியும் சத்தும் கொண்டுவந்து கொடுக்கும். கொடுக்கல் வாங்கல்தான். உங்க கம்பெனிக்காரங்க ரெண்டு காரியம் பண்ணியிருக்காங்க. இழையை ரொம்ப தூரம் ஓடற மாதிரி மாத்திட்டாங்க. தக்காளி நாத்தை, மத்த செடியைவிட பலமடங்கு சர்க்கரை கொடுக்கற மாதிரி மாத்திட்டாங்க. யாரு அதிகமா கொடுக்கறாங்களோ, இழை அவங்களுக்குத்தான் வேலை செய்யும். சோளத்தால அந்த அளவுக்குக் கொடுக்க முடியாது. அதனால அதுகிட்ட எடுத்து இதுகிட்ட கொடுக்குது."

"அப்ப நான் நாலு வருசமா திருடியிருக்கறனுங்களா?"

"இழைக்குத் திருட்டுன்னா என்னன்னு தெரியாது. வரப்பு நாம போட்டது."

"எனக்குத் தெரியுமுங்களே, வரப்புன்னா என்னன்னு."

வெளியே யுவராஜின் வண்டி ஹாரன் அடித்தது. எழுந்தவள் நின்று கேட்டாள். "ஏனுங்க மேடம், ஊருக்கு ஒருத்தருக்குத்தான்னு ஏன் சொன்னாங்க? எல்லாருக்கும் குடுத்தா நெறைய விக்குமே."

"எல்லாரும் போட்டா யாருகிட்டேருந்து எடுக்கறது?" என்றார் ரெஹானா.

திரும்பி வரும் வழியில், வண்டியிலேயே, யுவராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அதிர்ச்சி அடைவான் என்று நினைத்தாள். அவன் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினான்.

"நாம தெரிஞ்சு பண்ணலையே ரஞ்சு."

"இப்பத் தெரிஞ்சுபோச்சுங்களே."

"தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. அந்த அம்மா ஒண்ணு, நீ ஒண்ணு. நான் காதுல வாங்கல." கொஞ்ச தூரம் போனதும் சொன்னான்: "சென்னியப்பண்ணன் மேற்கால ரெண்டு ஏக்கராவ விக்கறாரு. தரகர் எங்கிட்ட பேசியிருக்கறாரு. நாம வாங்கிட்டம்னா, ஆரு மண்ணு ஆருகிட்ட போகுதுங்கற பேச்சே இல்லையல்லோ?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பப் பேசினாரு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"முடியட்டும்னு இருந்தேன்."

"அவரு நெலம் ஏன் காயுதுன்னு உங்களுக்கு ஏதாவது முன்னாடியே தெரியுமா?"

"பைத்தியமா உனக்கு?" என்று கத்திவிட்டு, வண்டியின் வேகத்தைக் கூட்டினான். அவனுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனாலும் பதினாறு வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக, அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்று நாள் கழித்து யுவராஜே குழம்பிப்போய் வந்தான். சென்னியப்பன் நிலத்தை விற்கவில்லையாம். தரகரிடம் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"காஞ்சு கெடக்கற காட்ட எதுக்கு வச்சுக்கறாரு?" என்றான். அவளுக்கும் அதுதான் புரியவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று மொத்தம் பன்னிரண்டு நாள் ஓட்டினாள். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. மூன்றாம் பாத்தி பறிப்பு முடியட்டும். பெரிய மகளின் ஸ்கூல் விஷயம் முடியட்டும். சொன்னால் அவர் ஊரையே கூட்டுவார், கோயம்புத்தூர் வீடுகளுக்குத் தெரியும், நாலு வருடத்து உழைப்பு திருட்டு என்று ஆகிவிடும். வரப்பை ஒட்டி ஐந்தடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதில் கனத்த பாலித்தீன் ஷீட்டை இறக்கி மூடிவிட்டால் இழை அறுந்துபோகும் என்று ரெஹானா சொல்லியிருந்தார். அதற்கு ஜேசிபிக்காரனின் நம்பரை எடுத்து வைத்தாள். கூப்பிடவில்லை.

பதின்மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குச் சென்னியப்பன் தோட்டத்துக்குப் போனாள். அவர் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே, ஒன்று விடாமல் சொன்னாள். பொடி, நாற்று, இழை, பாட்டிலில் இருந்தது என்ன, மெஷின் என்ன சொன்னது, எல்லாம்.

"நடுவுல குழி வெட்டிரலாம்னு இருக்கறனுங்கண்ணா. உங்களுக்குப் போனதுக்கு என்ன செய்யோணுமோ சொல்லுங்க."

அவர் கையில் இருந்த தட்டை மாட்டுக்குப் போட்டார். துண்டில் கையைத் துடைத்தார். ஆச்சரியப்படவே இல்லை.

"வெட்டிக்க. நம்ம நடு வரப்புதானே, தாராளமா வெட்டிக்க."

"நீங்க… ஒண்ணுமே கேக்கலையே."

"என்னத்தக் கேக்கறது? நீயென்ன வேணும்னா பண்ணின?" பிறகு அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு அம்மிணி. இந்தச் சங்கதி மூணாவது ஆளுக்குத் தெரிய வேண்டாம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

ஊரைக் கூட்டுவார் என்று பயந்து பன்னிரண்டு நாள் தூங்காமல் இருந்தவளுக்கு இது பெரிய விடுதலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 'எனக்கும் நல்லது' என்ற வார்த்தை காதில் நின்றுபோயிற்று. அவருக்கு இதில் என்ன நல்லது?

"கிழக்கால வழியாப் போறனுங்கண்ணா, மாராத்தக்காவப் பாக்கோணும்" என்றாள்.

"இந்நேரத்துக்கு அவ இருக்கமாட்டா. இப்படியே போ." அவர் முன்னால் வந்து நின்ற வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அங்கே ஏதோ இருக்கிறது என்று. அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

சோளக்காட்டின் கிழக்கு ஓரத்தில், மாராத்தாளின் வரப்பை ஒட்டி, நாலு வரிசைக்குப் புது நாற்று நட்டிருந்தது. தண்டில் லேசான ஊதா நிறம். கம்பெனித் தக்காளிக்கு மட்டும்தான் அந்த நிறம் வரும். நட்டு இரண்டு வாரம் இருக்கும், அதற்குள் முழங்கால் உயரம். வரப்புக்கு அந்தப் பக்கம் மாராத்தாளின் சின்ன வெங்காயம். முதல் நாலு பாத்தியில் தாள் நுனி வெளுக்க ஆரம்பித்திருந்தது.

சென்னியப்பன் மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்து நின்றார்.

"என்ற ஊட்டுக்காரி உன்னப் பாத்தாளே, அன்னைக்குச் சாயங்காலமே நானும் தோண்டிப் பாத்தேன். வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. நேரா அந்தத் தம்பி திலீபன்கிட்டத்தான் போனேன், உன்ற மேல புகார் சொல்றதுக்கு. உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தான். இழை உங்க மண்ணுலயும் வந்திருச்சு பெரியவரே, இனிப் பொடி எதுக்கு, நாத்து மட்டும் தர்றேன், வெளிய பேசாதீங்கன்னான். மேக்கு வரப்போர மண்ண அள்ளியாந்து இங்க போட்டு நட்டேன்."

"அண்ணா, அந்தக்காவுக்கு இருக்கறதே அரை ஏக்கரா."

"எனக்கு மூணு தென்னை போச்சு. நாப்பது வருசத்துத் தென்னை. நான் ஆருகிட்டப் போய்க் கேக்கறது? உங்கிட்டக் கேட்டா உன்ற தக்காளியப் புடுங்கிக் குடுப்பயா?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீ நாலு வருசம் எடுத்த. நான் ஒரே வருசம் எடுத்துட்டு நிப்பாட்டிக்கறேன். அதுக்குள்ள அவளுக்கு ஒண்ணும் ஆகிறாது."

நிறுத்த மாட்டார் என்று இருவருக்கும் தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே ஜேசிபி வந்தது. நடு வரப்பின் தன் பக்கத்தில், இருநூற்றுப் பத்தடி நீளத்துக்கு வெட்டி, ஷீட் இறக்கி மூடினாள். யுவராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், பார்க்க நிற்கவில்லை. திலீபனைக் கூப்பிட்டு இனி நாற்று வேண்டாம் என்றாள். பாத்தியில் நிற்கும் செடிகளை மட்டும் விட்டுவைத்தாள், இந்தப் பறிப்பு முடியட்டும் என்று. திலீபன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரிங்க அக்கா, உங்க ஊர்ல எங்களுக்கு இன்னொரு பண்ணை இருக்குதுங்க" என்றான்.

மூன்று வாரத்தில் தக்காளி சிறுத்தது. உரம் வைத்தாள், மோட்டாரை இன்னும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டாள், சாணக் கரைசலை வாரம் இரண்டு முறை ஊற்றினாள். கீரையும் வெண்டையும் சமாளித்தன. கோயம்புத்தூரில் முப்பது வீடுகள் குறைந்தன. மீதியை வைத்து ஓட்டிவிடலாம் என்று யுவராஜ் ஒருநாள் தானாகவே சொன்னான். அதுதான் அவன் சமாதானம்.

இந்த மூன்று வாரமும் மாராத்தாள் வந்துபோய்க்கொண்டிருந்தாள். வெங்காயம் வெளுக்கிறது, கோழிக்கால் நோயோ என்னவோ, மருந்துக்கடைக்காரன் கொடுத்ததை அடித்தும் கேட்கவில்லை என்றாள் ஒருநாள். பூச்சி இல்லை, தண்ணியும் விடுகிறேன், யாரோ கண்ணு வச்சுட்டாங்க என்றாள் இன்னொரு நாள். சிவரஞ்சனி ஒவ்வொரு முறையும் கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சென்னியப்பனுக்கு அவள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் கொடுத்தது போலவே நடந்துகொண்டிருந்தாள்.

நாலாவது வாரம் மாராத்தாள், வெங்காயத்தை உழுதுவிடப் போவதாகச் சொன்னபோது, அவளால் தாங்க முடியவில்லை. இருவரும் கத்தரிப் பாத்தி ஓரம் உட்கார்ந்தார்கள். சிவரஞ்சனி எல்லாவற்றையும் சொன்னாள். சென்னியப்பனின் நாலு வரிசை நாற்றையும் சொன்னாள். மாராத்தாள் முந்தானையில் விழுந்த கத்தரி இலையைக் கிழித்துக் கிழித்துப் போட்டாள்.

"உங்க மேக்கு வரப்புல நானே வந்து வெட்டித் தர்றேன் அக்கா. ஷீட்டு நான் வாங்கித் தர்றேன்" என்றாள் சிவரஞ்சனி.

"வெட்டினா வெங்காயம் திரும்பிருமா?"

"இந்தத் தடவை திரும்பாது. அடுத்த போகத்துக்கு மண்ணு தேறிரும்."

மாராத்தாள் தலையாட்டினாள். கிழக்கே, தன் காடு இருக்கும் திசையில் பார்த்தாள். "எனக்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் புறம்போக்கு" என்றாள் மெதுவாக. "பன்னெண்டு ஏக்கரா. ஆடும் மாடும் படுத்துப் படுத்து, அந்த மண்ணு அப்படி இருக்கும். அதுக்கு ஆரும் வரப்புக் கட்டல."

ஊரில் நிலமில்லாத முப்பது குடும்பம் அங்கேதான் ஆடு மேய்க்கிறது.

"அந்த நாத்து எங்க கெடைக்கும் கண்ணு?"

"எனக்குத் தெரியாதுங்க அக்கா."

"நாலு வருசமா நடறயே."

"அவங்களே கொண்டாந்து குடுப்பாங்க. இப்ப நான் நிப்பாட்டிட்டேன். எங்க கெடைக்கும்னு நெசமாவே தெரியாது."

திலீபனின் நம்பர் அவள் போனில்தான் இருந்தது. மாராத்தாள் அவளையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் கூலி கொடுத்த கையை, அந்தக் கையில் வேறென்ன இருக்கிறது என்று பார்ப்பது போல் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நடு வரப்பில் புது மண் போட்டு மூடியிருந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. இந்தக் குழிய, அடுத்தவங்க மண்ணு உங்கிட்ட வரக்கூடாதுன்னு வெட்டினயா? இல்ல, அவரு நாத்து நட்டதப் பாத்துட்டு, உன்றது அந்தப் பக்கம் போயிரக் கூடாதுன்னு வெட்டினயா?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? நான் அதுக்கு முன்னாடியே…" என்று ஆரம்பித்தாள் சிவரஞ்சனி.

ஜேசிபிக்காரனின் நம்பர் பன்னிரண்டு நாள் அவளிடம் சும்மா இருந்தது. அவனை அவள் கூப்பிட்டது, அந்த ஊதாத் தண்டுகளைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம்.